விளக்கு பச்சையாகும் வரை

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன்னைத் தொலைபேசியில் அழைத்தால், "இப்போது பணியில் இருக்கிறேன், மாலையில் பேசுகிறேன்" என்று உன் குரலே பதிவாகி வந்து நிற்கிறது. அது எந்த மாதத்து மாலை என்பதுதான் விளங்கவில்லை. ஆகையால் தாளையும் பேனாவையும் எடுத்தேன். கடிதத்தைத் தடுத்து நிறுத்தும் மென்பொருளை நீ இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நம்புகிறேன்.

உன் அண்ணனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருடைய கணினியில் நீ அமைத்துக் கொடுத்த 'ஒருமுகம்' என்ற பூட்டு நன்றாகவே வேலை செய்கிறது, குறையொன்றும் இல்லை. காலையில் அவர் அறைக்குள் போனதும் கதவின் மேல் நீ பொருத்திய சின்ன விளக்கு சிவப்பாகிறது. அதன்பின் அந்தக் கணினியில் அன்றைய வேலை ஒன்றைத் தவிர வேறெதுவும் திறக்காது. அவருடைய கைப்பேசியும் ஊமையாகிவிடும். நீயும் அவரும் உட்கார்ந்து எழுதிய பெயர்ப் பட்டியலில் இல்லாத எவருடைய செய்தியும் அவர் கண்ணில் படாது. குறித்த நேரம் முடிந்தால் விளக்கு பச்சையாகும். அவர் வெளியே வருவார். முதலில் அந்தி சாயும்போது பச்சையாகிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் பாஸ்வேர்டு வேண்டுமாம், கூட்டுவதற்கு வேண்டாமாம். அவர் நாள்தோறும் கூட்டிக்கொண்டே போகிறார். இப்போது எங்கள் இரவுச் சாப்பாடு முடிந்து, குழந்தை உறங்கிய பிறகும் அது சிவப்பாகவே எரிகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. விளக்கு ஒன்றுதான் தாழ்ப்பாள்.

உன் மருமகள் வாயாடி, நேற்று கதவெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அந்த விளக்குக்குப் பச்சை பெயின்ட் அடிச்சுடட்டுமா? அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது" என்றாள். "மிக்ஸி எப்படிப் போடணும்னு புத்தகம் எழுதுறாரு, நம்ம வீட்டு மிக்ஸி எங்கே இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் அப்பாவுக்குப் பிறந்த மகள் வேறெப்படிப் பேசுவாள்!

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவர் எங்களோடு மேசையில் அமர்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அந்த பாஸ்வேர்டு உன்னிடம்தானே இருக்கிறது? எழுதி அனுப்பு.

உன் அண்ணி

&nbsp;

ஜூன் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வருத்தத்தை நான் இலேசாக எண்ணவில்லை. எனினும் தாங்கள் கேட்பதை என்னால் தர இயலாது. அதற்கான காரணத்தைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கணினியை நான் எந்தக் கல்லூரியிலும் அமர்ந்து கற்கவில்லை. பயண முகவர் அலுவலகமொன்றில் சீட்டுப் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில், பிறர் தேநீர் அருந்தச் செல்லும் இடைவேளைகளில், ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிப் பார்த்துக் கற்றேன். அப்படிக் கற்றதனால் ஒன்றை உறுதியாக அறிவேன்: மனிதனுக்குத் திறமை குறைவதில்லை; கவனமே களவு போகிறது. இன்று கவனத்தைக் காக்க இந்த மாடியறையில் நான் நடத்தும் வகுப்புக்கு வருபவர்கள் யாவரும், தங்கள் பூட்டின் கடவுச்சொல்லை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓர் உறுதிமொழி வாங்கிக்கொள்கிறார்கள். "நானே வந்து கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்" என்பதே அது. அந்தச் சொல்லை ஒருமுறை மீறினால், என்னிடம் இருப்பது வெறும் எழுத்துகளின் குவியல்; சாவி ஆகாது.

அண்ணனும் அதே உறுதிமொழியை வாங்கினார். அவர் எந்த நிலையில் என்னிடம் வந்தார் என்பதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். ஒரு மின்னஞ்சலைத் தொடங்குவார். நடுவில் செய்தி ஒன்றைப் படிப்பார். அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். மாலையில் அந்த மின்னஞ்சல் பாதியிலேயே நிற்கும். அலுவலகம் அவரை எச்சரித்திருந்தது. "எனக்கு மூளை கலைஞ்சு போச்சும்மா" என்று மாணவர்கள் போனபின் இந்த நாற்காலியில் அமர்ந்து அழுதார். அந்த அழுகையைத் தங்களிடமிருந்து மறைக்கத்தான் அவர் இத்தனை தொலைவு வந்தார்.

அவர் நலமாகவே இருக்கிறார். நாள்தோறும் பிற்பகலில் நான் ஒரு செய்தி அனுப்புகிறேன். மாலையில் தவறாமல் மறுமொழி எழுதுகிறார். 'தங்கள் செய்தி கிடைத்தது. இன்றைய பணி நிறைவுற்றது. நலம்.' முன்பு தீபாவளிக்கு ஒருமுறை பேசிய மனிதர் இவர் என்பதை எண்ணிப் பாருங்கள். என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறார். சற்றுப் பொறுத்தால் தங்களுக்கும் கிடைப்பார்.

வாயாடிக்கு என் முத்தங்கள். பெயின்ட் டப்பாவை அவளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அன்புடன்,
தங்கள் நாத்தனார்

&nbsp;

ஜூன் 15

பேரறிவு படைத்த நாத்தனார் அவர்களின் சமூகத்திற்கு,

தாங்கள் அருளிய விளக்கவுரை கிடைத்தது. புல்லரித்துப் போனேன்.

தங்களுக்கு நாள்தோறும் எழுதுகிறாராம். ஒரே கூரையின் கீழ் இருக்கும் எனக்கு அவர் குரல் மறந்துகொண்டிருக்கிறது. அழுதது என்னிடம் இல்லை; பேசுவதும் என்னிடம் இல்லை. அவருக்கு நான் யார் என்று தாங்களே ஒரு வரி எழுதி அனுப்பினால் கதவில் ஒட்டிவைக்கிறேன்.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். போன வாரம் வாசல் மணியின் கம்பியைக் கழற்றிவிட்டார். அறைக் கதவருகே ஒரு தட்டு வைத்திருக்கிறார். அவரிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வரி எழுதி அதில் போட வேண்டும். இரண்டு வரி எழுதினால் படிக்காமல் திரும்பி வருகிறது. "சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது" என்று எழுதினேன். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று வந்தது. அடுப்பு குறிப்பில் எரியுமா?

நான் பொறுத்துக்கொள்வேன். என்னை விடுங்கள். செவ்வாய்க்கிழமை வாயாடிக்கு முன்பல் விழுந்தது. பள்ளியிலிருந்து அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடிவந்தாள். "அப்பாதான் முதல்ல பாக்கணும். நீ கண்ணை மூடிக்கோ" என்று எனக்குக் கட்டளை. சீட்டில், 'அப்பா பல் விழுந்துடுச்சு வந்து பாரு' என்று எழுதி, பல்லையும் தட்டிலேயே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். பால் ஆறிப்போனது. அசையவில்லை.

கதவு ஒரு கையளவு திறந்தது. சீட்டு உள்ளே போயிற்று, திரும்பி வந்தது. உங்கள் அண்ணனின் முத்து முத்தான கையெழுத்தில், 'பெறப்பட்டது. வரிசையில் உள்ளது.' பல் தட்டிலேயே கிடந்தது.

"அம்மா, வரிசைன்னா நான் எத்தனாவது?" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தங்கள் வகுப்பில் சொல்லித் தருகிறார்களா?

பாஸ்வேர்டை அனுப்புங்கள்.

தங்கள் அண்ணனின் வீட்டில் குடியிருக்கும் ஒருத்தி

&nbsp;

ஜூன் 21

அண்ணி,

அந்தப் பல் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

தட்டும் சீட்டும் நான் கற்றுக் கொடுத்தவை அல்ல. வந்து சேரும் யாவற்றையும் ஓரிடத்தில் திரட்டி, ஒவ்வொன்றாக முடிவு செய்க என்பதே என் பாடம். அது கணினிக்குள் வரும் காகிதமற்ற குப்பைகளுக்காகச் சொன்னது. பிள்ளையின் பல்லுக்காகச் சொன்னதன்று.

உடனே அண்ணனுக்கு எழுதினேன். 'குழந்தை காத்திருக்கிறாள், எழுந்து போய்ப் பாருங்கள்' என்றேன். மாலையில் மறுமொழி வந்தது: 'தங்கள் செய்தி கிடைத்தது. இன்றைய பணி நிறைவுற்றது. நலம்.' கோபத்தில் இருக்கிறார் போலும் என்று எண்ணினேன். மறுநாள், 'நான் அங்கே வரட்டுமா?' என்று கேட்டேன். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. மீண்டும் அதே வாக்கியம். அவர் எப்போதும் சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர்தாம். இருந்தாலும், அண்ணி, மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

கடவுச்சொல்லை இன்னும் அனுப்பவில்லை. கோபிக்காதீர்கள். எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். அவர் கதவைத் திறக்கும் கணத்தில், அந்தத் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அவர் உண்மையில் எதைச் செய்துகொண்டிருக்கிறார் என்பது தெரிந்தால், எனக்கொரு முடிவு கிடைக்கும்.

தங்களை 'ஒருத்தி' என்று எழுதிக்கொள்ள வேண்டாம். வலிக்கிறது.

தங்கள் நாத்தனார்

&nbsp;

ஜூன் 26

நாத்தனாரே,

திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. அதைக் கேட்டு ஆளே வந்துவிட்டது.

நேற்று முற்பகலில் யாரோ கதவைத் தட்டினார்கள். மணிதான் இல்லையே. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண்; அவருடைய அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றவே தயங்கி நின்றாள்.

"கம்ப்யூட்டரை வாங்கிட்டுப் போகச் சொன்னாங்க மேடம்."

"எந்த கம்ப்யூட்டரை?"

"சார் யூஸ் பண்றது. ஆபீஸோடது. அவருக்கு எத்தனையோ மெயில் போட்டோம். வேற செக்ஷனுக்கு மாத்தினோம், வரலை. விளக்கம் கேட்டோம், பதில் இல்லை. வேலையை விட்டு நிறுத்தியே ரொம்ப நாளாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

நான் சிரித்துவிட்டேன். "அவர் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் உங்க வேலையைத்தாங்க பாக்குறாரு" என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்க பழைய மேலாளர் போயிட்டாரு. சார் எழுதினதெல்லாம் அவரோட முகவரிக்கே போயிட்டிருக்கு. அதை இப்ப யாரும் திறக்கிறதே இல்லை" என்றாள்.

புரிகிறதா? உங்கள் பட்டியலில் பழைய மேலாளரின் பெயர் இருந்தது. புதியவர் பெயர் இல்லை. புதியவர் அனுப்பிய எதுவும் இவருக்குக் காட்டப்படவே இல்லை.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. வேறு வழியின்றி, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'ஆபீஸிலிருந்து கம்ப்யூட்டரைக் கேட்டு வந்திருக்கிறார்கள்' என்று சீட்டெழுதித் தட்டில் போட்டேன். எனக்கு அழுகையாக வந்தது. சீட்டு திரும்பி வந்தது. 'நாளை பார்க்கப்படும்.'

அந்தப் பெண் அதை வாங்கிப் படித்தாள். சீட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். திரும்ப வருவாள்.

ஏன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவில்லை என்று கேட்பாய். போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளைத் தொட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விளக்கு எரியுது இல்ல?" என்றார். அவ்வளவு மென்மையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட நான் பயந்திருக்கமாட்டேன்.

இனியும் உறுதிமொழி பேசாதே. திற.

அண்ணி

&nbsp;

ஜூலை 1

அண்ணி,

திறந்துவிட்டேன். என் மேசையிலிருந்தே திறக்க முடியும். தங்கள் கடிதம் வந்த அதே கணத்தில் கடவுச்சொல்லை இட்டேன். இது தங்களுக்குக் கிடைக்கும்போது விளக்கு பச்சையாகிச் சில நாள்கள் ஆகியிருக்கும்.

தடுத்து நிறுத்தப்பட்ட செய்திகள் சேரும் பெட்டியும் எனக்குத் தெரிந்தது. அலுவலகத்தார் அனுப்பியவை யாவும் அங்கே இருந்தன. முதலில் மரியாதையாக, பிறகு கண்டிப்பாக, கடைசியில் இரண்டே வரியாக. தாங்கள் அனுப்பியவையும் இருந்தன. 'சாப்பிட வாங்க' என்று அடுத்த அறையிலிருந்து அனுப்பியிருந்தீர்கள். அதற்குமேல் நான் படிக்கவில்லை.

என்னுடையவையும் அங்கேதான் இருந்தன, அண்ணி. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. வேலைக்குத் தொடர்பானவர்கள் மட்டும் என்று சொல்லிப் பட்டியல் எழுதியபோது, என் பெயரைச் சேர்க்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மாலைதோறும் எனக்கு வந்த மறுமொழி அவர் எழுதியது அன்று. தடுக்கப்பட்டவர்களில் வெளியூர் உறவினர் மட்டும் மனம் நோகாதிருக்க, அந்தியில் தானாகவே போகும்படி நிரலில் ஒரு வாக்கியம் அமைத்திருந்தேன். 'தங்கள் செய்தி கிடைத்தது. இன்றைய பணி நிறைவுற்றது. நலம்.' அந்த நடையை வைத்தாவது நான் அறிந்திருக்க வேண்டும். அப்படி எழுதுபவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். இத்தனை காலம் என் வாக்கியத்தையே நான் அண்ணன் என்று எண்ணி உறவாடியிருக்கிறேன்.

போகட்டும். பூட்டு திறந்தாயிற்று. இனி அவர் வருவார். வந்ததும் எழுதுங்கள். மாலைப் பதிவுக் குரலை நீக்கிவிட்டேன், தொலைபேசியிலும் அழைக்கலாம்.

நாத்தனார்

&nbsp;

ஜூலை 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

தொலைபேசியில் சொல்லத்தான் நினைத்தேன். குழந்தை காதில் விழக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வந்தார். விளக்கு பச்சையானதும் கதவைத் திறந்து கூடத்தில் வந்து நின்றார். வெயிலில் கண் கூசியவர்போல நின்றார். வாயாடி "அப்பா!" என்று இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "யார் திறந்தது?" என்றார். மாதக்கணக்கில் என் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உங்க தங்கச்சி" என்றேன்.

"கெஞ்சினாலும் கொடுக்கமாட்டேன்னு சொன்னாளே" என்றார். கோபமே இல்லை. ஒரு கணக்கில் பிழை கண்டுபிடித்தவர்போல மெதுவாகத் தலையசைத்தார்.

வேலை போனதைச் சொன்னேன். "ஆமாம், இப்பதான் படிச்சேன்" என்றார். அலுவலகக் கணினியைத் துடைத்து, அதன் உறையில் வைத்து, திரும்பி வந்த அந்த அலுவலகப் பெண்ணிடம் தானே கொடுத்தார். அன்று எங்களோடு மேசையில் அமர்ந்து சாப்பிட்டார். ஆம், நான் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான், கிடைத்துவிட்டது. வாயாடி விழுந்த பல், முளைக்கும் பல், பக்கத்து மேசைப் பெண்ணின் பல் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்தது.

சாப்பிட்டதும் அவளைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். குனிந்து காதில் ஏதோ சொன்னார். உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவள் திரும்பி வரும்போது, தலையில் நிறைகுடம் வைத்தவள்போல நடந்து வந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவர் அறைக்குள் போனார். விளக்கு சிவப்பானது.

அவருடைய பழைய கணினியை எடுத்து, அதிலும் 'ஒருமுகத்தை' ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். வேலை ஏது என்கிறாயா? எட்டிப் பார்த்தேன். நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறார். முடித்ததும் அதற்கு அடுத்த நாளுக்கு உரியவற்றை. இம்முறை முடியும் நேரம் என்று எதையுமே குறிக்கவில்லை. புது பாஸ்வேர்டு நம் இருவரிடமும் இல்லை.

அது குழந்தையிடம் இருக்கிறது.

"என்கிட்ட மட்டும்தான் குடுத்திருக்காரு" என்றாள் பெருமையாக. "நீ அழுதாலும் குடுக்கக்கூடாதாம். அப்பாவே அழுதாலும் குடுக்கக்கூடாதாம்." அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குமேல் வாய் திறக்கவில்லை. பேச்சோடு பேச்சாக அந்தச் சொல் வெளியே வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். முன்பெல்லாம் ஆட்டோக்காரரோடு பேசுவாள், பல்லியோடு பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். இப்போது தூங்கும்போது வாயில் கைக்குட்டையை வைத்துக்கொள்கிறாள். "பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவதா?" என்று ஆசிரியை கேட்டனுப்பினார்.

எனக்கு அந்த விளக்கைப் பற்றிய கவலை போய்விட்டது. என் பெண் பேச வேண்டும். நீ சொன்னால் அவள் கேட்பாள். இந்தச் சட்டத்தை எழுதியவள் நீதானே.

அண்ணி

&nbsp;

ஜூலை 14

அண்ணி, இதை வாயாடிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

என் கண்ணே, நான் உன் அத்தை. சாவியைக் காப்பாற்றுகிறாய் என்று கேள்விப்பட்டேன். நீ கெட்டிக்காரி. ஆனால் அந்த விளையாட்டின் சட்டத்தை எழுதியவள் நான். அதில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். சாவி வைத்திருப்பவருக்குக் கனமாக இருந்தால், கீழே வைத்துவிடலாம். அது சத்தியத்தை மீறியதாகாது. அம்மாவின் காதில் அதைச் சொல்லிவிடு. பிறகு உன் பல்லைப் பற்றி எனக்கு நீயே சொல்ல வேண்டும். எத்தனை நேரமானாலும் கேட்பேன்.

அண்ணி, இனி தங்களுக்கு மட்டும்: வகுப்பை மூடிவிட்டேன். எல்லோரையும் அழைத்து அவரவர் கடவுச்சொல்லைத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். பலர் வாங்க மறுத்தார்கள். "நாங்கள் கெஞ்சினாலும் கொடுக்கக்கூடாது என்றல்லவா சொன்னீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் மன்றாடியதை ஒரு சோதனை என்று எண்ணிவிட்டார்கள். ஒருவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு புறப்படுகிறேன். இதற்கு முன்பே புறப்பட்டிருக்க வேண்டும்.

நாத்தனார்

&nbsp;

ஜூலை 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ புறப்படுமுன் இது கிடைக்க வேண்டும் என்று விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

படித்துக் காட்டினேன். மடியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். 'கீழே வைத்துவிடலாம்' என்ற இடம் வந்தபோது அவள் உதடு துடித்தது. இதோ சொல்லப்போகிறாள் என்று என் காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். மூச்சு மட்டும் பட்டது. பிறகு இறங்கிப் போய், தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதிக்கொண்டு வந்தாள்.

'அத்தை இப்படிக் கேட்பாங்கன்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டாரு.'

அவரிடம் போனேன். கதவைத் தள்ளி உள்ளே போய், அவர் காலடியில் உட்கார்ந்து, "பிள்ளை ஊமையாகிக்கிட்டிருக்கா, சத்தியத்தை விட்டுடச் சொல்லுங்க" என்றேன். முதன்முறையாகத் திரும்பினார். முகத்தில் அத்தனை நிறைவு. "அவ ஒருத்திதான் எனக்கு நம்பிக்கையா இருக்கா" என்றார். "நானே நேத்து கேட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன். கொடுக்கலையே!"

இப்போது வீடு மிக அமைதியாக இருக்கிறது. நீ வந்தால் வாசலில் மணி இருக்காது. தட்டினால் நான்தான் திறப்பேன். குழந்தை ஓடிவருவாள் என்று எதிர்பார்க்காதே.

இன்று காலை அவள் பள்ளிக்குப் போனபின் படுக்கையை மடிக்கப் போனேன். அவள் அறை வாசலில் ஒரு தட்டு இருந்தது; சமையலறையிலிருந்து எடுத்துப்போன சின்னத் தட்டு. அதில் எனக்கு ஒரு சீட்டு. ஒரே வரிதான், சட்டம் தெரிந்த பிள்ளை.

'அம்மா எனக்கும் ஒரு விளக்கு வாங்கிக் கொடு, சிவப்பு மட்டும் எரிஞ்சா போதும்.'

அண்ணி